இரண்டு தட்டு தட்டினால் அறுக்கலாம்

இது நடந்தது. அறுத்த மரத்தின் அடிக்கட்டை இன்றைக்கும் மலையடிவாரத் தோப்பில் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பேய் என்றதும் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று மனசுக்குள் படம் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். இது பட்டப்பகலில், உச்சிவேளையில் நடந்தது.

மேட்டுப்பாளையத்தில் மரம் அறுக்கும் மிஷின்களுக்குச் செயின் தீட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். வின்ஸ்டன் என் பழைய வாடிக்கையாளர். அவர் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். 'சும்மா கதை விடாதீங்க' என்று சிரிப்பவர்களிடம் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

வின்ஸ்டன் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு மிஷினைத் தூக்குவார்கள். வின்ஸ்டன் அப்படி இல்லை. சித்திரை வெயிலில் கூட ஹெல்மெட், முகத்துக்குக் கம்பிவலை, காதுக்குச் சத்தத்தை அடைக்கும் மஃப், தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் தடித்த பட்டை, பூட்ஸ். கல்யாண மாப்பிள்ளை கிளம்பிட்டார் என்று மற்றவர்கள் கிண்டல் அடிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

மிஷினைக் கையில் தொங்கவிட்டுக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது அவருக்கு ஆகாத காரியம். தரையில் வைக்க வேண்டும், பின்கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதிக்க வேண்டும், பிரேக்கை முன்னால் தள்ளியிருக்க வேண்டும். அப்புறம்தான் இழுப்பார். ஓடுகிற மிஷினோடு இரண்டு எட்டு நடப்பதானாலும் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் நடப்பார். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே மாட்டார். பிளேடின் நுனி இருக்கிறதே, அதன் மேல்பாதி கட்டையில் பட்டால் மிஷின் திருப்பி அறையும். அறைந்தால் நேராகக் கழுத்துக்குத்தான் வரும். அப்படிப் போனவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இன்னொரு பழக்கம் உண்டு அவருக்கு. இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

மஃப் போட்டுக்கொண்டு மிஷினை ஓட விட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அறுக்கிறவரைக் கையால் தொட்டுக் கூப்பிடவும் கூடாது. சட்டென்று திரும்பினால் தொட்டவன் காலி. அதனால் வின்ஸ்டனின் கூட்டாளி கையில் எப்போதும் ஒரு நீள மூங்கில் கோல் இருக்கும். இரண்டு ஆள் நீளம், நுனியில் துணிப்பந்து. பின்னால் தள்ளி நின்று அதால் தோளில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் மரம் விழும் பக்கம் யாரும் இல்லை, அறுக்கலாம். இரண்டு தட்டு விழுந்ததும் வின்ஸ்டன் திரும்பி ஆளைக் கண்ணால் பார்ப்பார். பார்த்த பிறகுதான் கடைசி அறுப்பு. இத்தனை வருஷத்தில் அவர் மரத்தடியில் ஒருத்தருக்கும் சின்னக் காயம் கூட இல்லை.

போன வருஷம் பழைய கூட்டாளி மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஜெஃபின், வின்ஸ்டனின் தங்கை ஆஷ்லியின் கணவர். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். கல்யாணமான நாலாம் மாசம் கம்பெனி ஆட்களைக் குறைத்தது, இவரும் வெளியே வந்துவிட்டார். வேறு வேலை கிடைக்கும்வரை மச்சானோடு போகிறேன் என்று கிளம்பினார்.

முதல் நாள் காலையில் ஆஷ்லி வாசலுக்கு வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இவருக்குக் கத்தியில வெங்காயம் நறுக்கவே தெரியாதுங்க. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

"நீ போயி வேலையப் பாரு கண்ணு. என் உசுரு போனாலும் மாப்ள மேல ஒரு கீறல் உழுகாது."

வின்ஸ்டன் அதைச் சும்மா சொல்லவில்லை. அப்பா அம்மா இல்லாமல் அவர் தூக்கி வளர்த்த தங்கை அவள். ஜெஃபினை முதல் ஒரு மாசம் மிஷினைத் தொடவே விடவில்லை. கோல் பிடிப்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

ஆனி மாசக் கடைசியில் சுந்தரராஜுலுவிடமிருந்து போன் வந்தது. மலையடிவாரத்தில் பெரிய பாக்குத் தோப்பு வைத்திருப்பவர்.

"வின்ஸ்டன், தோப்புல ஒரு வாகை பாதியில நிக்குதுங்க. ஆடிக் காத்துக்கு முந்தி படுக்க வெச்சுப்போடோணும்."

"பாதியிலன்னா எப்படிங்க?"

"மதுக்கரைப் பக்கத்து ஆளு ஒருத்தர் பங்குனியில ஆரம்பிச்சாருங்க. வேற வேலை வந்துருச்சுன்னு போயிட்டாரு. நீங்க வந்து முடிச்சுக் குடுங்கோ."

வின்ஸ்டனுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்தவர் அறுத்த மரத்தில் மிஷின் வைக்கக் கூடாது என்று தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே எவ்வளவு அறுத்திருக்கிறார், எந்தப் பக்கம் பாரம் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை இருவரும் வண்டியில் போனார்கள். மலையிலிருந்து மஞ்சு இறங்கித் தோப்பு முழுக்கப் படிந்திருந்தது. பாக்கு மரங்களுக்கு நடுவே அந்த வாகை மட்டும் ஓங்கி நின்றது. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். அதன் முதுகுப் பக்கம், மரம் விழுந்தால் எட்டும் தூரத்தில், ஒரு ஓட்டு வீடு. தோட்டத்தில் வேலை செய்யும் சூசைமேரியும் அவள் புருஷனும் இருக்கும் வீடு. மரம் லேசாக அந்த வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பாதி அறுத்த மரம், மேல்காற்று ஒன்று பலமாக அடித்தால் நேராக ஓட்டின் மேல்தான் வரும்.

அதைப் பார்த்ததும் வின்ஸ்டனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சூசைமேரி வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"தோத்திரமுங்க தம்பி. இதைச் சாச்சுப்போட்டாத்தான் எங்களுக்குத் தூக்கம் வருமுங்க."

"சாச்சுப்போடலாமுங்க. நாங்க சொல்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ரோட்டுப் பக்கம் போயி இருந்துக்கோங்க."

அவள் தலையாட்டினாள். பிறகு ஜெஃபினைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கோலைப் பார்த்தாள்.

"இவருந்தான் வேலைக்கு வந்திருக்காருங்களா?"

"ஆமாங்க, என்ற மாப்ள."

சூசைமேரி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

வின்ஸ்டன் மரத்தைச் சுற்றி வந்தார். பங்குனியில் போட்ட அறுப்பைக் குனிந்து பார்த்தார். மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டியிருந்தது. நாலு மாசம் மழையும் வெயிலும் பட்ட வெட்டு கறுத்துப்போய் இருக்க வேண்டும்.

வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தார், ஈரம். கீழே மரத்தூளும் புதுசு.

"மாப்ள, நேத்து யாராவது இதுல மிஷின் வெச்சிருப்பாங்களா?"

"தெரியலீங்களே மச்சான்."

வாகைத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. மூக்கில் ஏறினால் தும்மல் அடக்க முடியாது. வின்ஸ்டன் தும்மினார். பக்கத்தில் நின்ற ஜெஃபினும் தும்மினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு தும்மல் கேட்டது.

ஜெஃபின் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே யாரும் இல்லை. சூசைமேரியின் புருஷனாக இருக்கும் என்று வின்ஸ்டன் சொல்லிக்கொண்டார். ஆனால் மஞ்சு கொஞ்சம் விலகியதில், அந்த ஆள் அப்போது ரோட்டில், பாலத்துச் சுவர் மேல் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

வேலையை ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பாக்கு மரங்களை எடுத்துவிட்ட வெற்றிடம் இருந்தது. மரத்தை அங்கேதான் படுக்க வைக்க வேண்டும். உச்சிக் கிளையில் கயிறு கட்டி, மறுமுனையை வெற்றிடத்தைத் தாண்டியிருந்த பலா மரத்தடியில் முறுக்கிக் கட்டினார்கள். தான் ஒதுங்கி ஓடுவதற்காக வின்ஸ்டன் பின்னால் சாய்வாக இரண்டு பக்கமும் செடி கொடிகளை வெட்டி வழி பண்ணிக்கொண்டார். காலில் ஒரு சுள்ளி தட்டினாலும் உயிர் போய்விடும், அதனால் குனிந்து கையாலேயே பெருக்கினார்.

பெட்ரோல் ஊற்றினார். ஊற்றிய இடத்திலிருந்து தள்ளி வந்து மிஷினைத் தரையில் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டி, மஃபை இழுத்துக் காதில் வைத்தார்.

டுக்... டுக்... டுக்... டுக்...

மிஷின் ஓடும் சத்தம்.

குனிந்து பார்த்தார். அவருடைய மிஷினை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

மஃபைக் கழற்றினார். மஞ்சில் நனைந்த பாக்கு மட்டைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. மறுபடி மாட்டினார்.

டுக்... டுக்... டுக்...

மிக அருகில், முதுகுக்குப் பின்னால் யாரோ மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் கேட்டது. திரும்பினார். யாரும் இல்லை.

காதில் ஏதோ கோளாறு, இத்தனை வருஷச் சத்தம் உள்ளேயே தங்கிவிட்டது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். அவருடைய மிஷினின் சத்தம் எழுந்து மற்றதை மூடியது.

முதலில் வாயைச் சரி பண்ண வேண்டும். பழைய வெட்டு கோணலாக இருந்தது. முழங்காலை ஊன்றி, இடது கட்டை விரலைக் கைப்பிடிக்கு அடியில் சுற்றி இறுக்கிப் பிடித்து, மேல் பக்கம் புதிதாக அறுப்பு வைத்தார். செயின் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. விரற்கடை அளவு போயிருக்கும்.

இடது தோளில் ஒரு தட்டு.

உடனே நிறுத்தினார். பிரேக்கைத் தள்ளினார். திரும்பினார்.

ஜெஃபின் பின்னால் இல்லை. தூரத்தில், பலா மரத்தடியில், கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். கோல் வண்டி மேல் சாய்ந்து கிடந்தது.

வின்ஸ்டன் மஃபைக் கழற்றிவிட்டுக் கத்தினார். "மாப்ள! தட்டுனீங்களா?"

"நான் இங்கதானுங்க மச்சான் இருக்கறேன்!"

வின்ஸ்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலிருந்து சுள்ளி விழுந்திருக்கலாம் என்று கீழே தேடினார். எதுவும் இல்லை. அறுப்பின் உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரல் நுனியில் சில்லென்று ஏதோ பட்டது. கத்தியால் நோண்டினார்.

இரும்புக் கொக்கி. எந்தக் காலத்திலோ மாடு கட்ட அடித்தது, மரம் அதை விழுங்கிவிட்டிருந்தது. இன்னும் நூலளவு போயிருந்தால் செயின் அதில் மோதி அறுந்திருக்கும். அறுந்த செயின் முகத்தில் அடித்திருக்கும்.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அது பயத்தால் வந்த சிலிர்ப்பு இல்லை. அப்படியே முழங்காலில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டார். வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒவ்வொருத்தருக்கும் கடவுள் அனுப்பிய தூதராக ஒரு காவல் சம்மனசு உண்டு, பக்கத்திலேயே நிற்கும் என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் படித்தவர். அவருக்கு அதை அப்போது முழுசாக நம்பத் தோன்றியது.

ஜெஃபின் ஓடி வந்தார். வின்ஸ்டன் கொக்கியைக் காட்டினார்.

"காவல் சம்மனசு தட்டியிருக்குது மாப்ள. இல்லாட்டி இன்னைக்கு நான் போயிருப்பேன்."

"என்னுங்க மச்சான், நிசமாவா சொல்றீங்க?"

"தோள்ல தட்டுச்சு மாப்ள. ஒரே தட்டு. துணிப்பந்து பட்டாப்பலயே இருந்துச்சு."

ஜெஃபின் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. வண்டி மேல் கிடந்த கோலைப் போய் எடுத்து வந்து கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் தட்டினது என்று தெரியாமல் ஒரு மனுஷன் அந்த மரத்தடியில் இன்னொரு நிமிஷம் நிற்கலாமா? என்னிடம் கேட்டிருந்தால் மிஷினைத் தூக்கி வண்டியில் போட்டு ஊர் வந்து சேரச் சொல்லியிருப்பேன். ஆனால் காப்பாற்றின கையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கொக்கி படாமல் வாய் வெட்டி முடிந்தது. இனி முதுகுப் பக்க அறுப்பு. வாய்க்கும் அந்த அறுப்புக்கும் நடுவில் கொஞ்சம் கட்டையை விட்டுவைக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைத் திருப்பி நாம் சொல்லும் பக்கம் இறக்கும். வின்ஸ்டன் ஜெஃபினை அருகே கூப்பிட்டார்.

"மாப்ள, கடைசியா ஒருக்கா கயித்தைப் பாத்துட்டு, உழுகற பக்கம் ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துருங்க. ஆடு மாடு, ஆளு ஒண்ணும் இருக்கக் கூடாது. பின்னாடி வந்து ரெண்டு தட்டு தட்டுங்க. தட்டிப்போட்டு அந்த ஓடைத் திட்டுக்குப் பின்னாடி போயிருங்க."

"சரிங்க மச்சான்."

ஜெஃபின் கோலோடு, உச்சிவேளை ஆகியும் விலகாத மஞ்சுக்குள் போனார். வின்ஸ்டன் முதுகுப் பக்கம் வந்து அறுப்பைத் தொடங்கினார். பாதி தூரம் போய் நிறுத்தி, தட்டுக்குக் காத்திருப்பது வழக்கம். அப்படியே பாதி வரைக்கும் அறுத்தார். அறுப்புக்குள் பிளாஸ்டிக் ஆப்பை வைத்துச் சுத்தியால் அடித்தார்.

அப்போது காற்று அடித்தது.

மேற்கிலிருந்து ஒரே வீச்சு. மரம் 'கிர்ர்ர்...' என்று முனகியது. வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அறுப்பு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வப் பார்த்தது.

வின்ஸ்டன் ஆப்பை இன்னும் ஓங்கி அடித்தார். மரம் நிமிர்ந்தது. இன்னொரு காற்று வந்தால் கயிறு தாங்காது.

மேலே கிளைகள் ஆடின. முகவலையில் நீர் கோத்துக் கண் மங்கியது.

மிஷின் இரைந்தது.

காத்திருந்தார்.

டுக்... டுக்... டுக்... மஃபுக்குள் அந்த இன்னொரு மிஷின்.

தோளில்...

ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

மெதுவாக, துணிப்பந்தின் மெத்தென்ற தட்டு. எப்போதும் படும் அதே இடம்.

திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் வைத்த சட்டம் அது.

மரம் முனகியது. காற்று மறுபடி எழுவதைப் பாக்கு மட்டைகள் ஆடுவதில் கண்டார்.

காலையில் உயிரைக் காப்பாற்றின தட்டு இது. மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, சம்மனசாக இருந்தாலும் சரி, பொய் சொல்லுமா?

அவர் திரும்பவில்லை.

அறுத்தார்.

கீல் முறிந்தது. 'படார்!'

மிஷினின் பிரேக்கைத் தள்ளிக் கீழே போட்டுவிட்டுப் பெருக்கி வைத்த வழியில் பின்னால் ஓடினார். மரம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அழகாக, நூல் பிடித்த மாதிரி, வெற்றிடத்தின் நடுவில் போய் விழுந்தது. நிலம் அதிர்ந்தது. சுற்றிலும் இலையும் தூளும் பறந்தன.

வின்ஸ்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார். சிரித்தபடி ஓடைத் திட்டைப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை.

"மாப்ள!"

திட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தார்.

"மாப்ள...!"

விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. ஹெல்மெட்.

எப்படி அங்கே போனார் என்று அவருக்கு இன்றைக்கும் நினைவில்லை. கிளைகளை வெறுங்கையால் ஒடித்தாராம். பிறகு மிஷினை எடுத்து வந்து கண்மண் தெரியாமல் அறுத்தாராம். ரோட்டிலிருந்து சூசைமேரியின் புருஷன் ஓடி வந்து அவரை இழுத்துப் பிடித்தபோது, பிளேடின் நுனி அவர் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. ஜெஃபினுக்கு மரத்தின் தண்டே நெஞ்சில் விழுந்திருந்தது. மூச்சு பேச்சு இல்லை. எல்லாம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டிருந்தது.

போலீஸ் வந்து மரத்தை நகர்த்தி உடம்பை எடுத்தார்கள். ஜெஃபினின் வலது கையில் மூங்கில் கோல் அப்படியே இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி இறுகியிருந்தன, பிரிக்கவே முடியவில்லை. அந்த மரத்தடிக்கு வின்ஸ்டனும் ஜெஃபினும் கொண்டு போனது ஒரே ஒரு கோல். வின்ஸ்டன் அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அஜாக்கிரதை என்று வழக்குப் போட்டார்கள். வின்ஸ்டன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ தட்டினார்கள் என்று ஸ்டேஷனில் சொல்ல முடியுமா?

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, சூசைமேரி மட்டும் வாசலோரம் நின்றிருந்தாள். வின்ஸ்டனைக் கண்டதும் ஓவென்று அழுதாள்.

"என்னைய மன்னிச்சுப்போடுங்க தம்பி. மொதலாளி சொல்லக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. எங்க ஊட்டு மேல சாஞ்சு நிக்குது, உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் உட்டுட்டுப் போயிருவீங்கன்னு நானும் வாய மூடிக்கிட்டனுங்க."

"என்னத்தைச் சொல்றீங்க?"

"பங்குனியில வந்த மிஷின்காரரு வேற வேலைக்குப் போகலீங்க. அவரோட வந்த ஆளு அதே எடத்துலதானுங்க செத்துப்போனாரு. பாதி அறுக்கையில பெரிய கொப்பு முறிஞ்சு அவரு மேல உழுந்துருச்சு."

"அவரு எப்படிங்க அறுத்தாரு?" என்று வின்ஸ்டன் கேட்டார்.

"அந்த மிஷின்காரரு கோலெல்லாம் வெக்க மாட்டாருங்க. அவங்களுக்கு விசிலு. சிக்னல் விசிலு கேட்டாத்தான் அறுப்பாரு. மொதல்ல விசிலு கேட்டு நிறுத்தினாராமுங்க, பாத்தா உள்ள பெரிய குளவிக்கூடு இருந்துச்சாம். ஆண்டவரே காப்பாத்திட்டாருன்னு கும்புட்டாராம். அப்பறம் மறுபடியும் விசிலு கேட்டுச்சாம், அறுத்தாராம். செத்த ஆளு சட்டைப் பையில பாத்தா... விசிலு பையிலயே இருந்துச்சுங்க தம்பி. அவரு ஊதவே இல்லீங்க."

விசில் வைத்திருப்பவருக்கு விசிலும், கோல் வைத்திருப்பவருக்குக் கோலும். அது என்ன, எப்படித் தெரிந்துகொண்டது, எனக்குத் தெரியாது. வின்ஸ்டனுக்கும் தெரியாது. இருந்தாலும் இதைக் கேட்டதும் அவர் மனசின் ஓரத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். தங்கையிடம் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. இது என் கவனக்குறைவால் மட்டும் நடக்கவில்லை கண்ணு, எனக்கு முன்னால் இன்னொருவருக்கும் இப்படியே நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

ஆஷ்லி அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் செபம் முடிந்து, எல்லாரும் போன பிறகு, அவர் அவள் அறை வாசலில் போய் நின்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன் அவளே பேசினாள்.

"அன்னைக்கு நான் அவருக்குப் போன் பண்ணினேனுங்கண்ணா."

வின்ஸ்டனுக்கு இது தெரியாது. வேலை நேரத்தில் போன் வண்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லி வைத்தது.

"சாப்பிட வாரீங்களான்னு கேக்கத்தானுங்க பண்ணினேன். கயித்தைப் பாத்துட்டு, எல்லாம் சுத்தி முடிச்சுட்டு உங்ககிட்டத்தான் வந்துட்டு இருக்கேன்னாரு. சிரிச்சுட்டே பேசுனாரு. உங்க மிஷின் சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"கண்ணு, நான் சொல்றதை..."

"அப்பறம் திடீர்னு, 'இரு ஆஷ்லி, உங்கண்ணன் பின்னாடி வந்து நின்னு தோள்ல தட்டறாரு'ன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். 'தெரியல, மரம் உழுகற பக்கமே திரும்பிப் போகச் சொல்லி முதுகுல கைய வெச்சுத் தள்ளறாரு. காதுல மஃப் போட்டிருப்பாரு, கேட்டாலும் கேக்காது. என்னமோ மறந்துட்டேன்போல, போயி பாத்துட்டுக் கூப்பிடறேன்'னாரு."

அந்த நேரத்தில் வின்ஸ்டன் இரண்டு கையும் மிஷினில் வைத்து, மரத்தின் முதுகுப் பக்கம் நின்றிருந்தார். அதை அவள் எப்படி நம்புவாள்? செத்துப்போன புருஷன் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு, யாரும் நம்பாத ஒன்றை நம்புவாளா?

ஆஷ்லி எழுந்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே நின்றாள். குரல் உயரவில்லை.

"ஏனுங்கண்ணா அவரை அங்க தள்ளுனீங்க?"

அவர் பதில் தேடுவதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள். இன்றுவரை அண்ணனிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.